எழுதாமல் விட்ட 2.3

மார்ச் 4, செவ்வாய்
குளியலறைக் குழாய் மூன்று நாளாக ஒழுகுகிறது. “ஊர்க் குழாயெல்லாம் பார்க்கப் போற, நம்ம வீட்டுக் குழாயைப் பார்க்க ஆளில்லை” என்றார் என் வீட்டுக்காரர். சிரித்துச் சமாளித்தேன். நாளை மறுநாள் ஆலையில் காஸ்டிக் சோடா ஓடும் லைனில் குழாயின் தடிமன் சோதனை ஆரம்பம். வேலை தொடங்க பர்மிட் எழுதுவது நான், மேலே ஏறி அளப்பது ஸ்பிரிங். படிகளில் துள்ளித் துள்ளி ஏறுவதால் அந்தப் பெயர். ஒன்பது வருஷமாக என்னோடு வேலை பார்க்கிறான்.

மார்ச் 6, வியாழன்
சாரம் கட்டியாயிற்று. குழாயைச் சுற்றியிருந்த இன்சுலேஷனைப் பிரித்தார்கள். உள்ளே துரு பொருக்குப் பொருக்காக.
“அக்கா, லைன் ஓடிட்டிருக்கே, நிறுத்திட்டுப் பார்க்கலாமா?” என்றான் ஸ்பிரிங்.
“அளக்கத்தானே போற, அறுக்கவா போற?” என்றேன்.
எல்லோரும் சிரித்தார்கள். அவனும்தான்.

மார்ச் 7, வெள்ளி
காலை பத்தேகால். துருவை எடுத்தால்தான் கருவி சரியாகக் காட்டும், அதனால் ஸ்பிரிங், குழாய் வளையும் பெண்டின் அடியில் வயர் பிரஷ்ஷால் தேய்த்திருக்கிறான். துரு உதிர்ந்த இடத்தில் ஓட்டை. அதுவரை அந்தத் துருதான் குழாயாக நின்றிருக்கிறது! சூடான காஸ்டிக் நேரே முகத்தில் பீய்ச்சியது. இறங்க ஒரே ஏணி. அவசரத்துக்குக் கழுவும் ஷவர் கட்டடத்துக்கு அந்தப் பக்கம். தூக்கிக்கொண்டு ஓடினோம். “அக்கா கண்ணு, அக்கா கண்ணு” — வேறெதுவும் சொல்லவில்லை அவன்.

மார்ச் 8, சனி
இடது கண் போய்விட்டது. வலது தப்பும் என்கிறார் டாக்டர்.
ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “குழாய் அவ்வளவு மோசமா இருக்குன்னு யாருக்குமே தெரியாதாக்கா?”
“தெரியாதும்மா” என்றேன்.
எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

மார்ச் 9, ஞாயிறு
இங்கேயாவது எழுதிவிடுகிறேன். போன வருஷம், அதே பெண்டு. பிளான்ட்டை நிறுத்தி வைத்திருந்ததில் கடைசி நாள். ஸ்பிரிங் மேலேயிருந்து கத்தினான், “ரெண்டு புள்ளி மூணு!” புதுக் குழாய் ஏழு மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். அக்கம்பக்கத்தில் அளந்ததெல்லாம் ஆறுக்கு மேல். “கருவிக்கு ஜெல் சரியா தடவியிருக்க மாட்ட, கொஞ்சம் நகர்த்தி வை” என்றேன். இரண்டு விரல் நகர்த்தினான். ஆறு புள்ளி ஒன்று. அதை எழுதிக்கொண்டேன். முதல் எண்ணை எழுதவேயில்லை.
ஏன்? சாரம் பிரிக்க ஆட்கள் காத்து நின்றார்கள். மேனேஜர் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டார். எனக்குப் பசி. பசியாம் பசி! ஒருத்தன் கண்ணுக்குக் காரணம் சொல்ல உட்கார்ந்தால் இதுதான் வருகிறது.

மார்ச் 17, திங்கள்
விசாரணை. “முகக் கவசம் போடாமல் ஏறியிருக்கான். தொழிலாளியோட கவனக்குறைவு” என்றார் மேனேஜர். பர்மிட்டில் பாதுகாப்புக் கண்ணாடி போதும் என்று எழுதியது நான். அதைக்கூடச் சொல்லவில்லை. டம்ளரிலிருந்த தண்ணீரைக் குடித்தேன்.

மார்ச் 19, புதன்
இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 22, சனி
ஸ்பிரிங்கைப் பார்க்கப் போனேன். முகத்தில் பாதி கட்டு. ஆரஞ்சு வாங்கிப் போயிருந்தேன், அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன்.
“சொல்லிட்டீங்களா?” என்றான்.
“எதை?”
“ரெண்டு புள்ளி மூணை.”
அவனுக்கு ஞாபகம் இருந்திருக்கிறது. விசாரணைக்காரர்கள் இரண்டு தடவை வந்து கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை. “நான் சொன்னா உங்க மேல பழி போடுற மாதிரி ஆயிடும். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்.”
படியிறங்கி வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அழுதேன். ரெண்டு பஸ் போயிடுச்சு.

மார்ச் 24, திங்கள்
சொல்லிவிட்டேன். மேனேஜர் கதவைச் சாத்தினார். “முடியப் போற நேரத்துல இதை எதுக்கும்மா கிளப்புறீங்க?”
“தப்பு பண்ணது நான். அவன் பேரை எழுதி வச்சிருக்கீங்க.”
கைப்பட எழுதிக் கொடுத்தேன். சோதனைப் பொறுப்பிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். இனி ஆவண அறை. வீட்டுக்காரர், “மனசு லேசாச்சா?” என்று கேட்டார். ஆகவில்லை.

மே 19, திங்கள்
சோதனைக்குப் புது விதிகள் எழுதும் வேலை என் மேஜைக்கு வந்திருக்கிறது. ஸ்பிரிங்குக்குப் போன் போட்டேன். என்னென்ன எழுதலாம் என்று கேட்டேன்.
“எழுதிக்கோங்க” என்றான். “ஓடுற லைன்ல துருவைச் சுரண்டக் கூடாது. யார் சொன்னாலும். சாரத்துக்கு ரெண்டு பக்கமும் இறங்க வழி வேணும். ஷவர் எங்கேயோ இருந்து என்ன பிரயோஜனம்? சாரத்துக்குக் கீழேயே வேணும்.” அப்புறம் மெதுவாக, “குறைச்சலா ஒரு எண் வந்தா, அது பொய்னு நிரூபிக்கிற வரைக்கும் நிஜம்னு வச்சுக்கணும்.”
நன்றி சொன்னேன்.
“உங்களுக்காகச் சொல்லலை. அடுத்து ஏறுறவங்களுக்கு.”
நியாயம்தான்.

நவம்பர் 18, செவ்வாய்
என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் நேற்று நீராவி லைனில் ஓரிடத்தில் 1.9 என்று எழுதினாள். மற்ற இடமெல்லாம் ஐந்து. யாரும் நகர்த்தி வைக்கச் சொல்லவில்லை. மேனேஜர் முணுமுணுத்துக்கொண்டே லைனை நிறுத்தினார். ஆறவிட்டு, இன்று அந்தத் துண்டை அறுத்தெடுத்து என் மேஜையில் கொண்டுவந்து வைத்தார்கள்.
மதியம் ஸ்பிரிங் வந்தான். ஸ்டோரில் இருக்கிறான் இப்போது. ஆறு மாதமாக இந்த அறைப் பக்கம் வந்ததில்லை. துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கட்டை விரலால் அழுத்தினான், துரு பொலபொலவென்று உதிர்ந்தது.
பையிலிருந்து ஒரு பழந்துணியை எடுத்து, அறுத்த கூரான ஓரம் வெளியே தெரியாமல் சுற்றினான். என் கை படும் பக்கத்தை இன்னொரு சுற்று சுற்றி வைத்துவிட்டுப் போனான்.