ஆளில்லாத பள்ளத்தாக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தானுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது. நீ அனுப்பிய தைலம் பாதி, என் நச்சரிப்பு பாதி. பாப்பாவுக்குச் சளி விட்டதா?

நீ கேள்விப்பட்டது உண்மைதான். திங்கட்கிழமை எனக்கு விசாரணை.

எங்கள் அச்சகத்தில் பாடநூலை இரண்டு பேராகச் சரிபார்ப்போம். ஒருவர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார், மற்றவர் கேட்டுக்கொண்டே அச்சுத்தாளைத் திருத்துவார். அன்றைக்கு ஐந்தாம் வகுப்பின் 'நம் நாடு' பாடம். மலை எவ்வளவு உயரம், எந்த ஆறு எங்கே போய்ச் சேர்கிறது, என்ன விளைகிறது, எதை வெளிநாட்டுக்கு விற்கிறோம், எல்லாம் வழக்கம்போல. பாதி மின்சாரம் பெரிய அணையிலிருந்து வருகிறது என்பதும் சரிதான். அதற்குக் கீழே, 'அணைக்காக ஏழு ஊர் மக்கள் வெளியேறினர்' என்று வருடக்கணக்காக இருந்த வரியை எடுத்துவிட்டு, 'ஆளில்லாத பள்ளத்தாக்கில் அணை கட்டப்பட்டது' என்று பாடநூல் துறையிலிருந்து எழுதி அனுப்பியிருந்தார்கள். அப்படியானால் நீயும் நானும் எங்கே பிறந்தோம்?

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனப்பாடமாக இருந்த பழைய வரியையே வாசித்தேன். எதிரே இருந்த தோழி நிமிர்ந்து, தாளில் வேறு மாதிரி இருக்கிறதே என்றாள். நான் வாசிப்பதை எழுது என்றேன். எழுதினாள். புத்தகம் அச்சாகிப் பள்ளிகளுக்கும் போய்விட்டது.

மேலாளர் தையா தக்கா என்று குதித்தார். தோழியின் தலை உருளக்கூடாது என்று, வரியை மாற்றி வாசித்தது நான்தான் என நானே போய்ச் சொன்னேன். கவனக்குறைவு என்று எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவாராம். ஒரு வரிதானே அக்கா, எழுதிக் கொடுத்துவிட்டுப் போயேன் என்று நீயும் எழுதியிருக்கிறாய். படித்ததும் உன்மேல் கோபம்தான் வந்தது. ஊரைவிட்டுக் கிளம்பியபோது உனக்கு இரண்டு வயது, என் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தாய். தண்ணீர் ஏறுவதற்குள் அம்மா கூரை ஓடுகளை ஒவ்வொன்றாக இறக்கி வண்டியில் அடுக்கியதை நான் பார்த்தேன். கை கிழிந்து ரத்தம் வந்தது, அவள் நிறுத்தவில்லை.

நான் கவனமாகத்தான் வாசித்தேன். திங்கட்கிழமை அதைத்தான் சொல்லப்போகிறேன். வேலை போனால் போகட்டும், எப்படியாவது பிழைத்துக்கொள்வேன்.

எனக்காக யாரிடமும் போய் நிற்காதே. ஒன்று மட்டும் செய். சொந்த ஊர் எது என்று பாப்பா கேட்டால், நீங்கள் இப்போது இருக்கும் தலைநகரத்தைச் சொல்லி ஒப்பேற்றாதே. நம் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கொடு. அவள் வாயில் அது சரியாக வரும்வரை சொல்லிக் கொடு. நீங்கள் மூவரும் குறைவில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அக்கா