பாட்டுக்கு முன்னால் ஓர் இருமல்

அன்புள்ள அம்மாவுக்குக் கார்மேகம் எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் அஜ்மான் ரூமில் நன்றாக இருக்கிறேன். தினமும் துபாய் போய் வருகிற டூட்டிதான்.

போன வாரம் ஒரு வேடிக்கை. எங்கள் ஹோட்டல் ஹாலில் ஸாஹிரா என்ற மொராக்கோ பாட்டுக்காரியின் கச்சேரி. செத்துப்போன அவள் அம்மா கல்யாண வீடுகளில் பாடிய பழைய கேசட்டை ஓடவிட்டு, அதற்கு அடியில் டான்ஸ் பீட் போட்டு, இவளும் சேர்ந்து பாடுவாள். சவுண்ட் என் பொறுப்பு. கேசட்டில் பாட்டுக்கு முன்னால் ஓர் இருமல் இருந்தது. கரகரவென்று இருக்கிறதே என்று வெட்டிவிட்டேன்.

ஒத்திகையில் பீட் ஓடுகிறது, கேசட் குரலும் பாடுகிறது, இவள் வாயே திறக்கவில்லை.

"என் அம்மா எங்கே?" என்று கேட்டாள்.

"பாடுகிறார்களே மேடம்."

"இருமவில்லையே."

திரும்பச் சேர்த்தேன். ஆளில்லாத ஹாலில் பெரிய ஸ்பீக்கரில் அந்த இருமல் கேட்டதும், யாரோ நிற்கிற மாதிரி திரும்பிப் பார்த்துவிட்டேன். கச்சேரியில் ஜனங்கள் அதற்கும் சேர்த்தே ஆடினார்கள். எனக்கு இன்னமும் லிஃப்டில், பஸ்ஸில் எல்லாம் கேட்கிறது. பயப்படாதே, சும்மா சொன்னேன்.

லீவில் ஊருக்கு வரும் என் ரூம்மேட் ஐயப்பனிடம் இந்தக் கடிதத்தோடு தைலம் கொடுத்தனுப்புகிறேன், நெஞ்சில் தடவு. திரும்பும்போது அவனிடம் சுக்குப்பொடி கொடுத்தனுப்பு. அவன் பெட்டியைப் பூட்டப் போகிறான், முடிக்கிறேன்.

வாட்ஸப்பில் பேசி அனுப்பும்போது இருமல் வந்தால் அழித்துவிட்டு மறுபடி பேசுகிறாயாமே, தங்கச்சி சொன்னாள். இனிமேல் அழிக்காதே அம்மா. அப்படியே அனுப்பு.

கார்மேகம்