அம்மா தொடவிடாத மரங்கள்

அன்புத் தம்பி ஹேமினுக்கு அக்கா ஷிலான் எழுதுகிறேன். நாங்கள் நலம் என்று எழுத ஆசைதான், கை வரவில்லை. நீயாவது நலமாக இரு.

அக்கரை நாட்டுக்குப் படகு ஏறப்போவதாகச் சொன்னாயே, அதோடு சரி. போன வருஷம் பனி விழுந்ததிலிருந்து உன் போன் அணைந்தே கிடக்கிறது. நம் ஊர்க்காரர் ஒருவர், நீ கடைசியாகத் தங்கியிருந்த பிரெஞ்சுக் கடற்கரை முகாமுக்குப் போகிறார். இதை அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

இந்த வருஷம் கருவாலி மரங்களில் மாசிக்காய் கொப்புக்குக் கொப்பு உருண்டு நின்றது. குளவி இட்ட முட்டையைச் சுற்றித் திரள்கிற காயாயிற்றே; உள்ளே வளரும் குளவி துளைத்து வெளியேறுவதற்குள் பறித்தால்தானே காய்க்குக் கனமும் துவர்ப்பும்? பிந்தினால் வெறும் சக்கை. ஊரே மலையேறியது. நம் பங்கை நானும் அப்பாவும் பறித்தோம். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. கேட்டால், "எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்கிறார்.

உன் பங்கு மரங்களை மட்டும் அம்மா யாரையும் தொடவிடவில்லை. கம்போடு போன என்னை மறித்து, "எம் புள்ள வந்து மொதக் கெளையத் தட்டுவான். நீ உன் சோலியப் பாரு" என்றாள். "அவன் வர்ற வரைக்கும் குளவி காத்துக்கிட்டு இருக்குமாம்மா?" என்று கேட்டுவிட்டேன். என் நாக்கில் சூடு வைக்க!

குளவி காத்திருக்கவில்லை. இப்போது உன் மரங்களில் காய்க்குக் காய் துளை.

நம் ஊர் வழக்கம் நீ அறியாததா? ஒருவன் பங்கு மரம் துளை விழும்வரை பறிக்கப்படாமல் நின்றால், அவன் இறந்துவிட்டான் என்று வீட்டாரே ஊருக்குச் சொன்னதாகக் கணக்கு. வாயால் சொல்ல முடியாதவர்களுக்காக வந்த வழக்கம். உனக்காகக் காத்திருந்த ஆசையில் அம்மாவுக்கு அது நினைவுக்கே வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஊரே கறுப்பு உடுத்திக்கொண்டு நம் வாசலில் வந்து நின்றது. தன் மரத்து அக்ரோட்டுக் கொட்டைகளைத் திருடுகிறவன் என்று உன்னைத் தெருத் தெருவாய்த் துரத்துவாரே பக்கத்து வீட்டு ஃபத்தாஹ் மாமா, அவர்தான் முன்னால் வந்தார். "நீயே சொல்லணும்னுதான் இத்தன நாளும் வாயத் தொறக்கல, தாயி. இனியாச்சும் அழுதுடு" என்று சொல்லிவிட்டு, தானே தேம்பித் தேம்பி அழுதார்.

அம்மா எல்லோரையும் கத்தி விரட்டுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் வந்தவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் அடுப்பு மூட்டிக் காப்பி வைத்தாள். சர்க்கரை போடாத காப்பி, ஹேமின். துக்க வீட்டுக் காப்பி. அவள் கையாலேயே எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள்.

உன் மரங்களை வசந்தத்தில் வேறு வீட்டுக்குக் கொடுத்துவிடுவார்கள். போகட்டும். நீ இருந்தால் வந்து எங்கள் எல்லோரையும் வாய்க்கு வந்தபடி திட்டு, கேட்டுக்கொள்கிறோம். உன்னால் முடியாதென்றால், அந்தப் படகில் உன்னோடு வந்தவர் யாராவது ஒரு வரி எழுதட்டும். எந்தக் கரையில், எந்த மண்ணில் என்று மட்டும் சொன்னால் போதும்.

அந்தக் கடல் ரொம்பக் குளிராமே. காப்பிக் கிண்ணங்களைக் கழுவி வைத்த கையோடு அம்மா உன் கம்பளிச் சட்டையை எடுத்து வந்து, இதையும் சேர்த்து அனுப்பு என்றாள். அனுப்பியிருக்கிறேன். இறைவன் உன்னைக் குளிரில் விடாமல் இருக்கட்டும்.

உன் வாயாடி அக்கா,
ஷிலான்