எதிர்ச்சுவரில் ஒரு பலகை

அன்புள்ள தம்பிக்கு,

நம் கடைக்கு எதிர்ச்சுவரில் மாட்டும் பலகைக்குப் பழுப்பு நிறமே பூசுவதென்று தெரு வரலாற்றுக் குழு, மூன்று கூட்டங்களுக்குப் பிறகு, சென்ற மாதம் ஒருமனதாகத் தீர்மானித்தது. பச்சைக்காகக் கடைசிவரை போராடிய உறுப்பினரும் பொதுநலன் கருதி விட்டுக்கொடுத்தாராம். இந்தச் செய்தி உனக்குத் தாமதமாகக் கிடைப்பதற்கு வருந்துகிறேன்.

பலகையில் என்ன எழுதுவது என்பதற்குக் கூட்டம் தேவைப்படவில்லை. மிளகும் பட்டும் கைமாறிய பழைய வணிகத் தெரு இது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வணிகம் நின்றுவிட்டது என்று எழுதிவிட்டார்கள். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது. தாத்தாவின் தாத்தா இங்கே விற்றது லாடமும் வாளியும். எதிரே சாக்கு விற்றார்கள், பக்கத்தில் தார் காய்ச்சினார்கள். பட்டு உடுத்தியவர்கள் யாராவது வந்திருந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் வந்திருப்பார்கள். வணிகம் நின்றுபோன அந்த நாற்பது ஆண்டுகளில்தான் கீலும் தாழ்ப்பாளும் விற்று உன்னைப் படிக்க வைத்தோம்.

குழுத் தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர், தங்கமான மனிதர். தெருவைக் காட்சித் தெருவாக அறிவித்ததும் கடை உரிமங்களைப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று நேரில் வந்து பொறுமையாக விளக்கினார். ஆனால் எனக்கு வேலை உண்டாம். "இப்ப உட்கார்ந்திருக்கிற மாதிரியே உட்கார்ந்திருங்கம்மா. யாராவது வந்து கேட்டா விக்காதீங்க, அவ்வளவுதான்" என்றார். அந்தக் காலத்தில் பெண்கள் கடையில் உட்கார்ந்ததற்குச் சான்று இல்லாததால் ஒட்டுமீசை ஒன்றும் தருவார்களாம். அம்மா இருபது வருஷம் இதே முக்காலியில் உட்கார்ந்தாள் என்றேன். "அது ஆவணத்துல இல்லையேம்மா" என்று உண்மையாகவே வருத்தப்பட்டார்.

பக்கத்துக் கடைப் பூட்டுக்காரன் இதைக் கேட்டுவிட்டு, "ஏன்க்கா, நம்மள உயிரோட பஞ்சடைச்சு வைக்கப் பாக்குறாங்களா?" என்றான். "உன் தொப்பைக்கு ஊர்ப் பஞ்சு பத்தாதுப்பா, பயப்படாதே" என்றேன்.

சென்ற செவ்வாய்க்கிழமை பலகையை மாட்ட வந்தார்கள். ட்ரில் கொண்டுவந்திருந்தார்கள், ஏணி கொண்டுவந்திருந்தார்கள், சுவரில் நான்கு ஓட்டைகளும் போட்டார்கள். ஸ்க்ரூ கொண்டுவரவில்லை. தலைவரே நம் கடைப் படியேறி, "நாலு ஸ்க்ரூ கிடைக்குமாம்மா?" என்றார். பூட்டுக்காரன் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினான். இல்லை என்று சொல்ல எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் நான் விற்க மறுத்தால் அந்தப் பலகை சொல்வது மெய்யாகிவிடும். எனவே துருப்பிடிக்காத, நல்ல நீளமான ஸ்க்ரூவாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தேன். வரலாற்றுக் குழுவின் பெயருக்கே ரசீது போட்டு, தேதியோடு கையெழுத்தும் வாங்கினேன். பலகை ஆடாமல் நின்றது. ரசீதின் நகலை இணைத்து, உரிமத்தைப் புதுப்பிக்கக் கோரி மறுநாளே மனு கொடுத்துவிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கட்டடத்தில் பாதி உன்னுடையது என்பதால், கடையைக் காட்சிக்கு விடச் சொல்லும் சம்மதப் பத்திரம் உனக்கும் வந்திருக்கும். நீ கையெழுத்துப் போட்டுவிட்டால் என் மனுவுக்கு மதிப்பில்லை. அவர்கள் தரும் தொகை அங்கே வீடு வாங்க உதவும் என்று உன் மனைவி நினைப்பதில் தப்பே இல்லை. ஆனாலும் கேட்கிறேன், கையெழுத்துப் போடாதே. யோசிக்க வேண்டுமானால் போடாமல் யோசி. யார் நல்லவிதமாகக் கேட்டாலும் தலையாட்டிவிடுவாய், அதுதான் என் கவலை. எனக்கு விற்கத் தெரியும். விற்பதுபோல உட்காரத் தெரியாது.

முதுகுவலிக்கு மருந்தை விடாமல் சாப்பிடு. பிள்ளைகள் நன்றாக வரட்டும்.

உன் அக்கா

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன் ஒரு செய்தி. விசாரணை முடியும்வரை பலகையைக் கழற்றி வைக்கும்படி உரிம அலுவலகம் இன்று காலை ஓர் ஆளை அனுப்பியது. அவரிடம் ஸ்க்ரூடிரைவர் இல்லை. ஒன்று வாங்கிக்கொண்டார்.