என் பேரில் வந்த பாசிட்டிவ்

மாதா துணை

வரதராசன்பேட்டை,
12.10.2025

அன்பு மகள் ஏஞ்சல் மேரிக்கு அப்பா எழுதுறது. மாதா புண்ணியத்துல நானும் அம்மாவும் நல்லா இருக்கோம், அந்தக் குளிர் தேசத்துல நீயும் சொகமா இருக்கணும்னு தினம் ஜெபமாலையில சொல்லிக்கிறோம். இங்க ரெண்டு நாளா மழை, பின்பக்க ஓட்டுல ஒழுகுது, ஆள் சொல்லியிருக்கேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலாம், படி ஏறுறப்ப மட்டும் பிடிச்சிக்கிது. மாமா பழைய முந்திரி மரத்தையெல்லாம் வெட்டிட்டுப் புதுக்கன்னு வச்சிருக்கார். வாரம் தவறாம போன்ல பேசுறவரு எதுக்கு இப்ப பேப்பர எடுத்தாருன்னு நினைப்ப. போன்ல நீ என் முகத்த பார்ப்ப, நான் பாதியில வேற பேச்சுக்குப் போயிருவேன். நாலு வருசமா அப்படித்தான் போயிக்கிட்டிருக்கேன். பேப்பர்னா நின்ன இடத்துலேருந்து மறுநாள் எழுதலாம். இத எழுத ஆரம்பிச்சு இன்னியோட மூணு நாள் ஆச்சு.

போன மாசம் நீ அம்மாகிட்ட சொன்னத அம்மா என்கிட்ட சொல்லிட்டா. மூணு வருசமா ஏன் ஊருக்கு வரல, ஜெயங்கொண்டத்துக்குப் போற பஸ்ஸ நினைச்சாலே ஏன் நெஞ்ச அடைக்குதுன்னு. டெய்சி அத்தைய கொன்னது நான்தாம்மா, சென்னையிலேருந்து நான்தான் கொண்டாந்தேன்னு சொல்லி நீ அழுதியாமே. உனக்கு அப்படி நினைக்க இடம் குடுத்தவன் நான். எனக்குத் தெரிஞ்சத ஒண்ணு விடாம எழுதுறேன், பொறுமையா படி.

இருபத்தொண்ணு மே மாசம், ரெண்டாவது அலை. எனக்கு ரெண்டு நாள் காய்ச்சல் அடிச்சு விட்டுச்சு. சிமெண்ட் ஆலையில காண்ட்ராக்ட்ல இருந்தவங்க யாருக்குக் காய்ச்சல்னாலும் டெஸ்ட் எடுத்து நெகட்டிவ்னு பேப்பர் காட்டினாத்தான் உள்ள விடுவாங்க. என்கூட எடைமேடையில நின்ன முருகையன் பாசிட்டிவ்னு போனவர், அவர் இடத்துல வேற ஆள போட்டுட்டாங்க. பத்தொன்பது வருசம் ஓட்டுன வேலை எனக்கும் அப்படிப் போயிரும்னு பயம். அந்தப் பயத்துல ஒரு கேவலமான யோசனை வந்துச்சு. சகாய ஆனந்த் மாமாவுக்கு ஒரு தும்மல்கூட இல்ல, தோப்புல முந்திரி பொறுக்கிட்டு கல்லாட்டம் இருந்தார். எனக்குப் பதிலா நீ போயி சாம்பிள் குடு மாப்ளன்னு கேட்டேன். மாமா தயங்கினார், அப்புறம் அக்கா குடும்பமாச்சேன்னு ஒத்துக்கிட்டார். எங்க ரெண்டு பேரையும் தெரியாத ஊர்ல, ஒரு பள்ளிக்கூடத்துல கேம்ப் போட்டிருந்தாங்க. அவ்வளவு கூட்டத்துல யாரு முகத்த பார்க்குறது, மாஸ்க்க இறக்கி மூக்குலயும் தொண்டையிலயும் குச்சி விட்டு எடுத்துட்டு, என் ஆதாரையும் போன் நம்பரையும் எழுதிக்கிட்டு அனுப்பிட்டாங்க. அது மே பதினொண்ணு, செவ்வாக்கிழமை. இந்தத் தேதிய மனசுல வச்சிக்க.

வியாழக்கிழமை என் போனுக்கு பாசிட்டிவ்னு வந்துச்சு. என்னை வேன்ல ஏத்தி கொரோனா முகாமுக்குக் கொண்டுபோயிட்டாங்க, நம்ம வூட்டு வாசல்ல தகரம் அடிச்சு அம்மாவ உள்ளேயே இருக்கச் சொல்லிட்டாங்க. வேன் ஏறுறதுக்கு முன்னாடியே மாமாவுக்கு போன் போட்டு, மாப்ள, இது உனக்குத்தான் வந்திருக்குன்னு சொன்னேன். எனக்கு ஒண்ணுமில்ல மாமா, மிஷின் தப்பா காட்டியிருக்கும்னார். நானும் அத நம்ப விரும்பினேன், நம்பின மாதிரி இருந்துக்கிட்டேன். வெளிய சொன்னா ரெண்டு பேர் மேலயும் கேஸ் வரும்னு பேசி முடிச்சிட்டோம். மாமா ரெண்டு ராத்திரி தோப்புக் கொட்டாயில படுத்தார், டெய்சி அத்தை, ஏங்க வூட்டுல படுக்கலன்னு கேட்டதும் வூட்டுக்கே வந்துட்டார்.

அந்தச் சனிக்கிழமைதான் ஹாஸ்டல மூடிட்டாங்கன்னு நீ உன் தோழியோட அப்பா கார்ல கிளம்பி வந்த. நம்ம வூட்டுல தகரம் அடிச்சிருக்கு, அப்ப பாதுகாப்பான இடம் ஜெயங்கொண்டத்து மாமா வூடுதான்னு அம்மா சொன்னா. நீ கிளம்புறதுக்கு முன்னாடியே முகாம்லேருந்து போன் போட்டு, இன்னும் ஒரு வாரம் சென்னையிலயே இரேன்மான்னு மட்டும் உன்கிட்ட சொன்னேன். இடமில்லப்பான்னு சொன்ன. காரணத்த சொல்லாம போன வச்சிட்டேன். வைரஸ் இருக்குற வூட்டுக்கு என் புள்ளைய தெரிஞ்சே அனுப்புனேன். அத்தை உனக்காகக் கோழி அடிச்சுக் கொழம்பு வச்சிருக்கேன்னு அன்னிக்கு சாயங்காலம் எனக்கு போன்ல சொன்னா. பள்ளிக்கூடம் படிக்கிறப்ப அஞ்சு வருசம் உன்னை தன் வூட்டுல வச்சிப் படிக்க வச்சவ, தனக்குப் புள்ள இல்லாத குறைய உன்னை வச்சித் தீத்துக்கிட்டவ.

முகாம்ல புவனேஸ்வரின்னு ஒரு சின்ன வயசு டாக்டர். ஞாயித்துக்கிழமை எனக்கு மறுபடியும் சாம்பிள் எடுத்தாங்க, அது நெசமாவே என்னுது, திங்கக்கிழமை நெகட்டிவ்னு வந்துச்சு. அந்தப் பொண்ணுக்குக் குழப்பம். மாத்திரை அட்டைக்குப் பின்னாடி முள்ளுப் பந்து ஒண்ணு வரைஞ்சு எனக்கு விளக்கிச்சு. இந்த முள்ளாலதான் சார் இது தொண்டையில இருக்குற செல்ல பிடிச்சிக்கிட்டு உள்ள போகும், உள்ள ஒரு நூல் மாதிரி இதோட குறிப்பு இருக்கும், நம்ம செல்ல வச்சே அத நகல் எடுத்துக்கும், தானா பெருகத் தெரியாதுன்னு சொல்லிச்சு. மிஷின் அந்த நூல்ல ஒரு துண்டத் தேடுமாம், கிடைச்சா ஒவ்வொரு சுத்துக்கும் ரெண்டு ரெண்டா பெருக்குமாம். வைரஸ் கொஞ்சமா இருந்தா முப்பது, முப்பத்தஞ்சு சுத்து ஓடினப்புறம்தான் கண்ணுல படும், நிறைய இருந்தா சீக்கிரமே பட்டுரும். உங்க முதல் சாம்பிள்ல பதினேழாவது சுத்துலயே தெரிஞ்சிருக்கு, அப்படின்னா தொண்டை முழுக்க வைரஸ் இருந்திருக்கணும், மூச்சு விட்டாலே பக்கத்துல இருக்குறவங்களுக்கு ஒட்டுற அளவு, அஞ்சு நாள்ல எப்படி ஒண்ணுமில்லாம போச்சுன்னு கேட்டுச்சு. ஒரு தும்மல்கூட இல்லாதவங்ககிட்டயும் அவ்வளவு இருக்குமான்னு நான் கேட்டேன். இருக்கும் சார், அதுதான் இதுல பெரிய ஆபத்தேன்னு சொல்லிச்சு. நீ லேப்ல இதையே வேலையா பார்க்குறவ, உனக்கு நான் பாடம் எடுக்கல. எனக்கு அது அன்னிக்கே புரிஞ்சிதுன்னு நீ தெரிஞ்சிக்கணும், அதுக்குத்தான் எழுதுறேன்.

அப்புறம் அந்தப் பொண்ணு என்னை நேரா பார்த்துக் கேட்டுச்சு.

"சார், அன்னிக்கு சாம்பிள் குடுத்தது நீங்கதானா?"

"ஆமாங்க, நான்தான்."

இல்லன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே மாமா வூட்டுக்கு ஆள் போயிருப்பாங்க, அத்தை விரல்ல ஆக்சிஜன் பார்க்குற கிளிப்ப மாட்டிப் பார்த்திருப்பாங்க. புதன்கிழமை அத்தைக்குக் காய்ச்சல். வூட்டுல யாருக்கும் கொரோனா இல்லன்னு நினைச்சு, டைபாய்டுன்னு பக்கத்துல ஊசி போட்டுக்கிட்டே நாலு நாள் ஓட்டிட்டாங்க. மாமா தனக்கு நாக்குல ருசி போயி காபி மண்ணு மாதிரி இருக்குன்னு தெரிஞ்சும் வெளிய சொல்லல. மூச்சு வாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறப்ப ஆக்சிஜன் எழுபத்தாறு. இருபத்தெட்டாம் தேதி போயிட்டா. அப்புறம் எடுத்த டெஸ்ட்ல உனக்கும் மாமாவுக்கும் பாசிட்டிவ்னு வந்ததும் ஊரே முடிவு பண்ணிடுச்சு. முப்பதாம் நாள் பூசை முடிஞ்சு வெளிய வர்றப்ப பூமாலை சித்தி, சென்னையிலேருந்து வந்த பொண்ணு கொண்டாந்து குடுத்துட்டுதேன்னு உன் காதுபடவே சொன்னாங்க. நீ என்னைத் திரும்பிப் பார்த்த. நான் செருப்பத் தேடுற மாதிரி குனிஞ்சிக்கிட்டேன். இந்த நாலு வருசத்துல நான் ராப்பகலா நினைக்கிறது அந்த ஒரு நிமிசத்தத்தான்.

கார்ல வர்றப்பவே தொண்டை கரகரன்னு இருந்துச்சு, அதனால நான்தான்னு அம்மாகிட்ட சொல்லியிருக்க. அது என்ன கரகரப்போ. நீ ஜெயங்கொண்டத்துல கால் வைக்கிறதுக்கு நாலு நாள் முன்னாடியே, பதினொண்ணாம் தேதியே, அந்த வூட்டு ஆள் தொண்டையில வைரஸ் நிறைஞ்சு இருந்திருக்கு. அந்த ரிசல்ட் பேப்பர இதோட வச்சிருக்கேன், தேதியையும் பதினேழையும் நீயே பாரு. பேரு என்னுது, சாம்பிள் மாமாவோடது. அத்தைக்கு நீ எதையும் கொண்டுபோகல கண்ணு. அந்த வூட்டுலேருந்துதான் உனக்கு ஒட்டியிருக்கு, உன்னை அங்க போக விட்டவன் நான். இவ்வளவும் எதுக்காகச் செஞ்சேனோ அந்த வேலை போகவும் இல்ல, பதினஞ்சு நாள் கழிச்சுப் போனேன், வாங்க ஆரோக்கியம்னு உள்ள விட்டுட்டாங்க.

எழுதுறதுக்கு முன்னாடி மாமாகிட்ட போயிக் கேட்டேன். எழுதுங்க மாமா, நான்தான் எழுதியிருக்கணும்னு சொல்லிட்டு, தோப்புப் பக்கம் எழுந்து போயிட்டார். போன ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வந்து அம்மாகிட்டயும் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா, புள்ளைய அங்க அனுப்புறப்ப உங்களுக்குத் தெரியுமான்னு. தெரியும்னேன். அதுக்கப்புறம் இன்னிவரைக்கும் என்கூட பேசல, நேரத்துக்குச் சோறு மட்டும் வச்சிட்டுப் போறா. அவ பேசாதது நியாயம்தான். நவம்பர் ரெண்டாம் தேதி கல்லறைத் திருநாளுக்கு அத்தை கல்லறையில சொந்தக்காரங்க எல்லாம் கூடுவாங்க, பூமாலை சித்தியும் வருவாங்க. அங்க எல்லார் முன்னாடியும் சொல்லப்போறேன், மாமாவும் கூட நிக்கிறேன்னு சொல்லியிருக்கார்.

என்னை மன்னிக்கச் சொல்லி இத எழுதல. அத கேக்குற தகுதி எனக்கு இல்ல. நீ கோவப்படு, என்கூட பேச வேணாம்னு தோணினா பேசாத. ஆனா அந்தப் பாரத்த இந்தக் கடிதத்தோட இறக்கி வச்சிரு, அது உன்னுது இல்ல. ஆசீர்வாதம்னு எழுத கை கூசுது, இருந்தாலும் பெத்தவன்ங்கிறதால எழுதுறேன், ஆண்டவர் உன் உடம்பையும் மனசையும் காப்பாத்தட்டும், செய்யுற வேலையில உன் கை சுத்தமா இருக்கட்டும். ராத்திரி ஷிப்ட்டுன்னா காதுக்குத் துணி கட்டிக்கிட்டுப் போ, சாப்பிடாம ஓடாத. நான் கூப்புட்டா எடுக்கலன்னாலும் பரவால்ல. அம்மா கூப்புட்டா மட்டும் எடு, அவ இப்ப வூட்டுல யாரோடயும் பேசாம இருக்கா.

உன் அப்பா,
ஆரோக்கியசெல்வம்