ஊசி இல்லாத வாய்

மார்ச் 4

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். நீயும் மகளும் அவள் பெற்ற பச்சைக்குழந்தையும் நலமாக இருக்க வேண்டும். வாய் திறந்து போனில் பேச முடியாததால் காகிதத்தை எடுத்தேன்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சுருங்கிப்போன சிறுநீர்ப் பாதையை அகலமாக்க, கன்னத்துக்குள்ளிருந்தும் கீழுதட்டுக்குள்ளிருந்தும் தோல் எடுத்து அங்கே வைத்துத் தைத்திருக்கிறார் டாக்டர். ஓரிடத்துத் துணியை வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டுப்போடுவது, நம் தொழில்தான். கீழே அவ்வளவாக வலியில்லை. வாய்தான் வீங்கிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் பல் பிடுங்கினீர்களா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

எனக்காகக் கிளம்பி வராதே. பிரசவித்த மகளுக்கும் குழந்தைக்கும் அங்கே நீ வேண்டும்.

உன் தையற்காரன்


மார்ச் 11

என்னங்க,

கல்யாணம் ஆன நாளிலிருந்து நீங்கள் என்னிடம் சேர்ந்தாற்போல இவ்வளவு பேசியதில்லை. படித்துச் சிரித்தேன். பிறகு, பக்கத்தில் இல்லாமல் போனேனே என்று அழுகை வந்துவிட்டது.

எதையும் ஆறவைத்துச் சாப்பிடுங்கள். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் சொன்னாரே, வாயைத் திறந்து மூடும் பயிற்சி, அதைச் செய்கிறீர்களா? இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விட்டிருப்பீர்கள். கடையை அவசரப்பட்டுத் திறக்காதீர்கள். கவனம் சிதறும் என்று என்னைத்தான் உள்ளே விடமாட்டீர்கள். நீங்களாவது உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 9

அன்புள்ளவளுக்கு,

சிறுநீர் போக வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். சிறுநீர் தாராளமாகப் போகிறது. அந்தக் கவலை விட்டது.

உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? பயிற்சி செய்தால் வலித்தது, விட்டுவிட்டேன். இப்போது வாய்க்குள் இரண்டு விரல் நுழைவதில்லை. கீழுதட்டில் இடது பக்கம் மரத்துக் கிடக்கிறது.

நேற்று ஒரு மாப்பிள்ளை வெள்ளைக் கோட்டைப் போட்டுப் பார்க்க வந்தார். பழக்க தோஷம், குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு குனிந்தேன். "அண்ணே, கோட்டுல ரத்தம்" என்றார். ஓர் ஊசி உதட்டில் ஏறியிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. கண்ணாடியைப் பார்த்துத்தான் பிடுங்கினேன். மணிக்கட்டில் பஞ்சுப் பட்டை கட்டி, அதில் ஊசிகளைக் குத்தி வைத்தும் பார்த்தேன். கை தன்னால் வாய்க்கே போகிறது. கடையைப் பூட்டிவிட்டேன். இனி தொழில் செய்ய முடியாதோ என்று பயமாக இருக்கிறது.

போன தடவை டாக்டர் வாய் எப்படி இருக்கிறது என்று கேட்டார். "நல்லா இருக்கு" என்றேன். இவ்வளவு பெரிய உபகாரம் செய்தவரிடம் இதையும் குறையாகச் சொல்ல மனசு வரவில்லை.

உன் தையற்காரன்


ஏப்ரல் 15

என்னங்க,

படித்ததும் கோபம்தான் வந்தது. சட்டையில் கழுத்து நன்றாக அமைந்துவிட்டதே என்று, கக்கத்தில் பிடிப்பதைச் சொல்லாமல் போகிற வாடிக்கைக்காரரை நீங்கள் என்ன பாடு படுத்துவீர்கள்? சொன்னால்தானே பிரித்துத் தைக்க முடியும் என்பீர்கள். அதே நியாயம்தான் டாக்டருக்கும். நாளைக்கே போங்கள். பயிற்சியை விட்டதையும் சொல்லுங்கள். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்.

உங்கள் வீட்டுக்காரி


ஏப்ரல் 24

அன்புள்ளவளுக்கு,

போனேன், சொன்னேன், திட்டு வாங்கினேன். மெல்லிய தட்டையான மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பல்லுக்கு நடுவே வைத்துத் தினமும் வாயைத் திறக்கப் பழகுகிறேன். வாய் திறந்துவிடும் என்கிறார். மரத்த இடத்துக்கு உணர்ச்சி மெல்லத் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். "ஊசிய மட்டும் இனிமே வாய்ல வைக்காதீங்க" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

துணியைப் பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும். அங்கே உன் வேலை முடிந்ததும், கடைக்குள் வந்து என் பக்கத்தில் நின்று ஊசி எடுத்துக் கொடுப்பாயா? நீ வந்த பிறகுதான் திறப்பேன்.

உன் தையற்காரன்


மே 2

என்னங்க,

மகள் எழுந்து நடமாடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பி வருகிறேன். கடையைப் பெருக்கி வையுங்கள்.

ஊசி கொடுக்க நான் தயார். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷமாகக் கடை வாசலில் நின்று நான் என்ன கேட்டாலும், வாயில் ஊசியை வைத்துக்கொண்டு "ம்" என்றே காலத்தை ஓட்டிவிட்டீர்கள். இனி ஊசி என் கையில் இருக்கும். கேட்பதற்கு எனக்கு நிறைய இருக்கிறது.

உங்கள் வீட்டுக்காரி