கேட்காமல் வைத்த வேண்டுதல்

புக்கிட் ரம்பாய்
9.2.2025, காலை

அன்புள்ள நளினி அப்பாவுக்கு,

நேற்று வார்டில் என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். அதனால் எழுதி நம் மகளிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உங்கள் இதயத்தில் வைத்த உலோக வால்வில் ரத்தம் உறைந்து ஒட்டியிருக்கிறதாம். கரைக்கும் மருந்து ஏற்ற டாக்டர் கையெழுத்துக் கேட்டால், தைப்பூசம் முடியட்டும் என்கிறீர்களாம். நன்றாயிருக்கிறது நியாயம்! ரத்தம் உறையாமலிருக்கத் தந்த மாத்திரையை, மாலை போட்ட நாளிலிருந்தே நிறுத்திவிட்டீர்கள் என்று நம் பக்கத்து வீட்டு மணியம் அண்ணன் சொன்னார்.

மாத்திரை போட்டீர்களா என்று கேட்டதற்குத்தானே தீபாவளி சமயம் அத்தனை கத்தினீர்கள்? நானும் ரோஷப்பட்டு மகள் வீட்டுக்கு வந்துவிட்டேன். இப்போது பயமாக இருக்கிறது. ஏன் இப்படிச் செய்தீர்கள்?

உங்கள்
கமலவேணி

வார்டு, மலாக்கா
9.2.2025, மாலை

அன்பு கமலா,

உன்னைப் பார்த்தால் அழுதுவிடுவேன் என்றுதான் திரும்பிக்கொண்டேன். கோபமில்லை.

இந்த வருஷம் அலகு குத்திக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். அந்த மாத்திரை போட்டால் சவரக் கத்தி பட்டாலே ரத்தம் நிற்காது, உனக்குத் தெரியும். அலகு குத்தும்போது ரத்தம் வந்தால் விரதம் சுத்தமில்லை என்று கோயிலே பேசும். அதனால் நிறுத்தினேன். நர்ஸ் ஷாந்தினி, "அங்கிள், மருந்த நிப்பாட்டச் சொல்லி முருகனா சொன்னாரு? டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் லா!" என்று திட்டினாள்.

வால்வின் இரண்டு இதழ்களில் ஒன்று அசையவே இல்லை, ஸ்கேனில் காட்டினார்கள். கரைக்கும் மருந்தால் மூளையில் ரத்தம் கசியவும் கூடுமாம். அதை விட்டால் மறுபடி நெஞ்சைத் திறக்க வேண்டும். எனக்கு அதுவல்ல கவலை. நீ வீட்டுக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல். காவடி எடுக்காமல் விட்டால் நீ வராமலே போய்விடுவாயோ?

தனபாலன்

புலாவ் செபாங்
10.2.2025

என்னங்க,

தேதிக்கு மேலே ஊரைப் பாருங்கள். நம் வீட்டுக் குசினியில், அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பிட்டுக் கழுவாத மங்குகள், தட்டுகள் மலையாய்க் கிடக்கின்றன. விரதம் இருந்தவர் வீடா இது?

நான் திரும்பி வர முருகனிடம் கேட்டீர்கள். என்னிடம் கேட்கவில்லையே! கேட்டிருந்தால் அடுத்த பஸ்ஸிலேயே வந்திருப்பேன். அடுத்த வருஷம் உங்களுக்காக நான் பால்குடம் எடுக்கிறேன், அவருக்கு அது போதும். இப்போது கையெழுத்துப் போடுங்கள். நீங்கள் இல்லாத வீட்டுக்கு நான் எதற்கு வந்தேன்?

கமலா

வார்டு, மலாக்கா
14.2.2025

அன்பு கமலா,

தினமும் வந்து பக்கத்தில் உட்காருகிறாய். ஆனாலும் இதை எழுதித்தான் கேட்க வருகிறது.

மருந்து வேலை செய்துவிட்டது. இன்று ஸ்கேனில் இரண்டு இதழ்களும் திறந்து மூடுகின்றன. திங்கட்கிழமை விடுவார்களாம்.

நான் வீட்டுக்கு வரட்டுமா? இந்தத் தடவை உன்னிடம்தான் கேட்கிறேன்.

உன்
தனபாலன்